வெள்ளையாகக் கிடந்த பதினோரு வரிகள்

அன்புள்ள டீச்சர்,

தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். போன வருடம் என் வகுப்பில் 34 பிள்ளைகள். பள்ளி திறந்த வாரத்திலேயே பெற்றோர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். வீட்டுப்பாடம், படங்கள், அறிவிப்புகள் என்று தினமும் ஏதாவது போட்டுக்கொண்டே இருந்தேன். முதல் மாதம் பதில்கள் குவிந்தன. அரையாண்டு நெருங்கும்போது நான்கைந்து பேர்தான் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களும் அதே நான்கைந்து பேர்தான்.

வருடக் கடைசியில் ஒரு அம்மா வந்தார். அவர் மகள் வகுப்பில் ஒரு தொந்தரவும் செய்யாதவள். வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள் என்று சொன்னேன். "இத்தனை மாசமா ஏன் டீச்சர் சொல்லலை?" என்று கேட்டார். வாசிப்பைப் பற்றிக் குழுவில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அந்தக் கேள்வி இன்னும் மனதில் உறுத்துகிறது. வருடம் முழுக்க எல்லாக் குடும்பத்தோடும் தொடர்பில் இருப்பது நடக்கிற காரியமா? இல்லை, வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதானா?

இப்படிக்கு,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)


அன்புள்ள டீச்சருக்கு,

நீங்கள் என்னை அப்படி அழைத்ததால் நானும் அப்படியே அழைக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இந்த வார்த்தையைச் சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை.

அந்த அம்மாவிடம் குழுவைக் காட்டிப் பேசாமல் விட்டது நல்லதாயிற்று. குழுவில் வந்ததை அவர் படித்துமிருக்கலாம். ஆனால் தன் மகளைப் பற்றி, அவள் பெயரைச் சொல்லி, பத்து மாதத்தில் ஒரு வார்த்தை அவருக்கு வரவில்லை. அதைத்தான் கேட்டிருக்கிறார்.

குழு என்பது அறிவிப்புப் பலகை. நாளைக்கு லீவு, வெள்ளிக்கிழமை வண்ணப்பென்சில் கொண்டுவரவும், இதற்கெல்லாம் வசதிதான். 34 வீட்டுக்கும் ஒன்றாகப் போகிற செய்தியை எந்த வீடும் தனக்கு வந்ததாக நினைக்காது. கட்டைவிரல் காட்டாதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரவு வேலைக்குப் போகிறவர் இருப்பார். பள்ளியின் மொழியில் எழுதக் கூச்சப்படுகிறவர் இருப்பார். நாற்பது செய்திகளுக்கு நடுவே உங்களுடையதைத் தவறவிட்டவரும் இருப்பார்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு நோட்டுப்புத்தகத்தில். பெற்றோரோடு பேசுவதையெல்லாம் தேதி போட்டுக் குறித்து வைக்கச் சொல்லித் தலைமையாசிரியை ஒரு வருடம் பிடிவாதமாக நின்றார். வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினேன். பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதி, எந்த வீட்டோடு பேசினாலும் எதிரே தேதியும் நாலு வார்த்தையும். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால், சேட்டைக்காரர்கள் ஐந்து பேருக்கு எதிரே இடமே இல்லாமல் தேதிகள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு எதிரேயும் நிறைய. அவர்கள் வீட்டார் தாமாகவே தேடி வருவார்கள். நடுவில் பதினோரு பெயர்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. அதில் ஒரு பையனின் அப்பா தினமும் வாசலில் வந்து அவனை அழைத்துப் போகிறவர். மூன்று மாதமாக அவரைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை.

உங்கள் கடிதத்தில் வருகிற பெண்ணும் அந்தப் பதினொன்றில் ஒருத்திதான். தொந்தரவு செய்யாதவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொந்தரவு செய்திருந்தால் இரண்டாம் மாதமே அவள் வீட்டுக்குப் போன் போயிருக்கும்.

அதன் பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு இரண்டு வீடு. உங்கள் 34 பேருக்கு 17 வேலைநாள். அதாவது மாதத்துக்கு ஒரு சுற்று, மூன்று நான்கு நாள் லீவு போட்டாலும்கூட. ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கியம் போதும். டைரியில் எழுதலாம், வாசலில் சொல்லலாம், எழுத்துப் பழக்கம் இல்லாத வீட்டுக்குக் குரல்செய்தி அனுப்பலாம்.

அந்த வாக்கியம் வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் பொருந்தக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. "நன்றாகப் படிக்கிறாள்" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். "இன்று கடன் வாங்கிக் கழிப்பது எப்படி என்று பக்கத்துப் பையனுக்கு இவளே விளக்கினாள், என்னைவிடப் பொறுமையாக" என்பது ஒருத்திக்கு மட்டும்தான். இப்படி ஒரு வாக்கியம் எழுத வேண்டுமென்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் கவனித்தாக வேண்டும். வாக்கியம் கிடைக்காத பிள்ளைகளைத்தான் நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்காகத் தொடங்கிய வேலையில் முதல் லாபம் எனக்கு.

பாராட்டு மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்று பல வருடம் நினைத்திருந்தேன். அதைச் சற்று மாற்றிக்கொண்டேன். மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. பாடத்தில் தவறிய உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் அதைத் திரும்பப் படிக்கும் கோடை வகுப்பு. ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை பெற்றோருக்கு மாணவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் அனுப்பினார்கள். பாடத்தைத் தேறி முடிக்காதவர்கள் 15.8 விழுக்காட்டிலிருந்து 9.3 ஆகக் குறைந்தார்கள். எது நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாக்கியங்களைவிட, எதைத் திருத்திக்கொள்ளலாம் என்று சொன்னவை கூடுதலாகப் பலித்தன. நம் பிள்ளைகள் சிறியவர்கள், அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. ஆனாலும் காரணம் புரிகிறது. திருத்திக்கொள்ள ஒன்றைச் சொன்னால் வீட்டில் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும். பாராட்டைக் கேட்டால் சந்தோஷப்படலாம், அதற்கு மேல் என்ன செய்வது? அதனால் முதல் சுற்று முழுக்க நல்ல செய்தி, இரண்டாம் சுற்றிலிருந்து நல்லதோடு வீட்டில் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையும் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றுக்கு நல்ல செய்தி என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறைப் பேராசிரியராக இருந்த சாரா லாரன்ஸ்-லைட்ஃபுட் பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளைப் பற்றி நிறைய யோசித்தவர். பெற்றோரும் ஆசிரியரும் எதிரெதிரே உட்காரும்போது அவரவர் சின்ன வயதில் பள்ளியில் பட்டதும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பார். எனக்கு இது அனுபவம். என் மேசைக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்த ஒரு பெரிய மனிதர், நான் நோட்டைத் திறந்ததும் கையைக் கட்டிக்கொண்டார். அந்த நாற்காலியை அடுத்த நாளே மாற்றினேன்.

அப்புறம், நாம் சொல்வதைப் போலவே கேட்பதும் வேண்டும். 1992-இல் லூயிஸ் மோலும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை ஒன்று ஆசிரியர்கள் மத்தியில் இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் போனார்கள். புகார் சொல்லவோ அறிவுரை சொல்லவோ போகவில்லை, அந்த வீட்டுக்கு என்ன தெரியும் என்று கற்றுக்கொள்ளப் போனார்கள். விவசாயம், சுரங்கம், கட்டட வேலை, மருத்துவம் என்று வீட்டுக்கு வீடு ஒரு அறிவு இருந்தது. ஒரு சிறுவன் மெக்சிகோ மிட்டாய் விற்பது தெரிந்ததும் அவன் ஆசிரியை மிட்டாயையே வகுப்புக்குப் பாடமாக்கினார். மாணவர் ஒருவரின் தாய் வந்து மிட்டாய் செய்து காட்டினார்.

எல்லோராலும் வீடு வீடாகப் போக முடியாது. சில குடும்பங்கள் அதை விரும்புவதும் இல்லை. ஒரு கேள்வி கேட்கலாம்: "நேரம் போவதே தெரியாமல் வீட்டில் எதில் மூழ்கியிருப்பான்?" கணக்கு நோட்டைத் திறக்கவே மாட்டேன் என்ற ஒருவனைப் பற்றி அவன் தாத்தாவிடம் இதைக் கேட்டேன். பஸ் நம்பர், எது எங்கே போகும், எத்தனை மணிக்கு வரும் எல்லாம் மனப்பாடம் என்றார். அடுத்த வாரம் அவனுக்குக் கூட்டல் கழித்தல் எல்லாம் பஸ் நேரத்தில்தான். அந்தத் தாத்தா அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் விடவில்லை.

கெட்ட செய்தி சொல்லவே வேண்டியிருக்கும்போது பிள்ளைக்குப் பட்டம் சூட்டாமல் பார்த்ததைச் சொல்லுங்கள். "பின்தங்கியிருக்கிறாள்" என்று கேட்ட அம்மாவுக்குக் கையைப் பிசைவதைத் தவிர வேறு என்ன வழி? "ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் எட்டு ஒன்பது சொற்களில் நின்றுவிடுகிறாள், முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறாள், வீட்டில் வாசிக்கும்போதும் இப்படியா?" என்றால் பேச்சு ஆரம்பமாகும். இதற்கு இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பேச வேண்டும். பெரும்பாலும் நாம் கோட்டை விடுவது அந்த இரண்டாவது பேச்சில்தான்.

வீட்டாருக்கு நம் மொழி தெரியாவிட்டால் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நான் ஐந்து நிமிடம் சொன்ன புகாரை ஒருவன் தன் அம்மாவிடம் மூன்று சொல்லில் முடித்தான். அந்த அம்மா முகமெல்லாம் மலர்ந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவன் என்ன சொன்னான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் நேரத்துக்கும் ஒரு எல்லை வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒரு நாள் பதில் போட்டால் தினமும் பத்து மணிக்கு எதிர்பார்ப்பார்கள். எந்த நேரம் வரை பேசலாம் என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

நடக்கிற காரியமா என்று கேட்டீர்கள். 34-இல் இரண்டு மூன்று வீடுகள் என்ன செய்தாலும் திறக்காது. ஒரு வீட்டுக்கு வருடம் முழுக்க வாக்கியம் அனுப்பி ஒரு பதிலும் வராமல் இருந்திருக்கிறேன். அதற்காக அந்தப் பெயரைத் தாண்டிப் போனதில்லை. மற்ற வீடுகளுக்கு நடக்கும்.

அந்தப் பெண் இப்போது நான்காம் வகுப்பில், ஒருவேளை அடுத்த அறையிலேயே இருப்பாள். இந்த வாரம் ஒரு நாள் இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே நிற்கிறாள், போன வருடத்துக்கு எவ்வளவு தேவலை என்று பாருங்கள். கேட்டதை அந்த அம்மாவுக்கு ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். அவளுடைய இப்போதைய ஆசிரியரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அது வேறு பஞ்சாயத்து ஆகிவிடும்.