இரவு ஆன்ம சோதனையில் குற்றப் பட்டியல் மட்டும்தானா?

கேள்வி: இரவு செபமாலைக்குப் பின், அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்துச் செபிக்கும் ஆன்ம சோதனை செய்வது என் சிறுவயதுப் பழக்கம். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கவனித்துக்கொண்டே வேலைக்கும் போய்வருகிறேன். எங்கெங்கே எரிந்து விழுந்தேன் என்று எண்ணிப் பார்ப்பதற்குள் மனம் சோர்ந்துவிடுகிறது. குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்புப் பெற்ற பழைய பாவங்களும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன. இது செபம்தானா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: அன்புச் சகோதரி, செபம்தான், ஆனால் அதை நடுவிலிருந்து தொடங்குகிறீர்கள். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதற்கு ஐந்து படிகளை வகுத்திருக்கிறார். பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவது முதற்படி. நம் பாவங்களை அறிந்துகொள்ளும் அருளைக் கேட்பது இரண்டாவது. விழித்தெழுந்த நேரம் முதல் நாளைப் பார்வையிடுவது அதற்குப் பின்புதான் வருகிறது. மன்னிப்பு வேண்டுவதும், இறையருளால் திருந்த உறுதி எடுப்பதும் எஞ்சிய இரண்டு. முதல் இரண்டையும் விட்டுவிட்டால், ஆண்டவரின் முன்னிலையில் பார்க்க வேண்டிய நாளை நாம் தனியே அமர்ந்து கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கணக்கில் சோர்வுதான் மிஞ்சும்.

எனவே இன்றிரவு நன்றியிலிருந்து தொடங்குங்கள், அதுவும் பொதுப்படையாக வேண்டாம். மாமியார் இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்திருக்கலாம். புடவையை மாற்றிவிட்டபோது உங்கள் கையை ஒரு கணம் பிடித்திருக்கலாம். அப்படி ஒன்றை எடுத்து, அதில் சற்றுத் தங்குங்கள். பிறகு, எரிந்து விழுந்த அந்த நேரத்தை ஆண்டவரோடு சேர்ந்து பாருங்கள்: பேருந்துக்கு நேரமாகிவிட்டதா, முந்தைய இரவு தூக்கம் இல்லையா, உதவிக்கு ஆளில்லாத வருத்தமா? கோபத்துக்கு அடியில் களைப்பு இருந்தால் அதையும் அவரிடம் சொல்லலாம், அதுவும் செபமே. கால் மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை.

பழைய பாவங்களைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை அதிகம் வருத்தியது. இஞ்ஞாசியாரே இதில் துன்பப்பட்டவர். 1522-இல் ஸ்பெயினின் மொன்செராத் மடத்தில் வாழ்நாள் முழுவதற்குமான பாவ அறிக்கையை எழுதியே செய்து முடித்தவர், மன்ரேசா ஊருக்கு வந்த பின் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற ஐயத்தால் வதைக்கப்பட்டார். மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி கிட்டவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. அந்த ஐயங்கள் தம்மை எங்கே கொண்டுபோகின்றன என்பதைக் கவனித்த பின்னரே, கடந்த பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தார், விடுதலையும் பெற்றார். மன்னிக்கப்பட்டதை மறுபடி கிளறும் நினைவு ஆண்டவரிடமிருந்து வருவதாக எண்ணி அஞ்ச வேண்டாம். அது விடாமல் தொடர்ந்தால், பல குருக்களிடம் மாறி மாறிக் கேட்காமல், உங்களை அறிந்த ஒரே குருவிடம் பேசி அவர் சொல்வதைக் கடைப்பிடியுங்கள்.

உறுதி எடுக்கும்போது, 'இனிக் கோபப்படவே மாட்டேன்' என்று சொல்லாதீர்கள். நாளைக் காலை மாமியாரைக் குளிப்பாட்டும் அந்த அரைமணி நேரத்துக்கு வேண்டிய பொறுமையை மட்டும் கேளுங்கள்.