படிவத்தைத் தப்பாக நிரப்புகிறார்களா?

கேள்வி: எங்கள் நூலகத்தின் உறுப்பினர் படிவத்தைப் பாதிப் பேர் தப்பாக நிரப்புகிறார்கள். வண்ணமும் படக்குறிகளும் சேர்த்துப் புதிதாகச் செய்து தருவதாக ஒரு டிசைனர் சொல்கிறார். பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தப்பாக நிரப்பிய படிவங்களில் இருபதை எடுத்து மேசையில் பரப்புங்கள். பிழைகள் இரண்டு மூன்று இடங்களில்தான் குவிந்திருக்கும். நான் அடிக்கடி பார்ப்பது இது: 'பெயர்' என்ற சொல் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும். மேல் கோட்டில் எழுதுவதா, கீழ்க் கோட்டிலா? ஒருவர் மாற்றி எழுதினால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரி தள்ளிப்போகும். சொல்லை அதன் கோட்டோடு ஒட்டி வையுங்கள், போதும். தேதிக்கு வெறும் கோடு விட்டிருந்தால் 03/04 என்று வரும். மார்ச்சா, ஏப்ரலா? நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டம் போடுங்கள்.

சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், புளோரிடாவின் பாம் பீச் வாக்குச்சீட்டில் பெயர்கள் இரு பக்கமும், வாக்களிக்கத் துளையிடும் இடங்கள் நடுவிலும் இருந்தன. இடப்பக்கம் இரண்டாவதாக இருந்த வேட்பாளர் அல் கோருக்கு மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்து வேட்பாளர் பேட் புக்கானனுக்கு. கோருக்குப் போட வந்த பலர் மாற்றிக் குத்திவிட்டார்கள். அந்த மாநிலத்தில் கோரை எதிர்த்து நின்ற புஷ் வென்றது 537 வாக்கில்.

உங்கள் டிசைனர் தப்பான படிவம் ஒன்றையாவது கேட்டு வாங்கிப் பார்த்தாரா? இல்லையென்றால் கையில் இருக்கும் மாதிரியில் உங்கள் பெயரைப் போட்டு விற்கப் போகிறார். இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரிய அலுவலகங்களும் இப்படித்தான். நிரப்பப்போகிற ஒருவரிடமும் காட்டாமல் அச்சடிக்கிறார்கள், அப்புறம் மக்களுக்கு விவரம் போதாது என்கிறார்கள். வாசலில் புரோக்கர் உட்காருவதே அந்தக் குழப்பத்தை நம்பித்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். ஆண்டுதோறும் புதுப்பிக்கிற பழைய உறுப்பினர்கள் படித்துப் பார்த்து நிரப்புவதில்லை, கைப்பழக்கத்தில் எழுதிக்கொண்டே போவார்கள். வரிசையை மாற்றினால் இதுவரை சரியாக எழுதியவர்களும் தவறுவார்கள். ஆகவே வரிசையைத் தொடாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா? சரி, காகிதத்தின் நிறத்தையும் மாற்றுங்கள், தலைப்பையும் மாற்றுங்கள். இது பழைய படிவம் இல்லை என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

திருத்தியதும் மொத்தமாக அச்சடிக்காதீர்கள். ஐந்து பேரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காமல். பேனா தயங்குகிற இடத்தைக் குறித்து வைத்துத் திருத்திவிட்டு, வேறு ஐந்து பேரிடம் கொடுங்கள்.