ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்குவதற்குத் தனிக் காரணம் உண்டா?

இணையத்தில் எளிதாகக் கேட்க முடிகிற பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 1964ஆம் ஆண்டு ஆல்பத்தை எல்.பி.யாக, அதாவது நீள இசைத்தட்டாக வாங்குவதில் பொருள் இருக்கிறதா, வாங்குவதென்றால் எந்தப் பதிப்பை வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மோனோவில், அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றை ஒலியாக, பிரிட்டன் பதிப்பின் பாடல் வரிசையோடு கிடைத்தால் வாங்கலாம் என்பதே என் பதில். வினைல் இசைத்தட்டு என்றாலே ஒலி மேலானது என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்னிடம் இருப்பது 2016இல் வெளிவந்த மோனோ பெட்டித் தொகுப்பின் தட்டு. அதற்கே மூலம் டிஜிட்டல் கோப்புதான். ஆகவே நான் சொல்லும் காரணம் ஒலித்தரத்தைப் பற்றியதன்று, இந்த ஆல்பம் உருவான விதத்தைப் பற்றியது. இசைத்தட்டுகளைக் கேட்டே அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைக் கற்றுக்கொண்ட ஐந்து இளைஞர்கள், தாங்கள் கேட்ட தட்டுகளைப் போலவே ஒன்றைச் செய்ய முயன்றதன் விளைவு இது.

இது மிகையல்ல. குழுவின் பாடகர் மிக் ஜாகரும் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் சிறுவயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்றாலும், 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் அவர்களை மீண்டும் பேசவைத்தவை ஜாகர் கையில் இருந்த, அமெரிக்கப் பாடகர்களான சக் பெரி, மடி வாட்டர்ஸ் ஆகியோரின் எல்.பி.கள். அவர்களின் தட்டுகளை வெளியிட்ட சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்கு எழுதித் தபாலில் தட்டுகளை வரவழைத்துக்கொண்டிருந்தவர் ஜாகர். குழுவின் பெயரும் மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவுசெய்த ‘ரோலின் ஸ்டோன்’ பாடலிலிருந்து வந்தது; குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரான பிரையன் ஜோன்ஸ் தொலைபேசியில் பெயர் கேட்கப்பட்டபோது தரையில் கிடந்த மடி வாட்டர்ஸ் தட்டின் உறையைப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்று ரிச்சர்ட்ஸ் சொல்லும் கதை பிரபலமானது. ப்ளூஸ் வளர்ந்த மிசிசிப்பியையோ சிகாகோவின் தெற்குப் பகுதியையோ அப்போது இவர்கள் கண்ணால் கண்டதில்லை. தட்டிலிருந்து முள் எடுத்துக் கொடுத்ததுதான் இவர்கள் அறிந்த ப்ளூஸ்.

பதிவு நடந்தது 1964 ஜனவரியிலும் பிப்ரவரியிலும், லண்டன் டென்மார்க் தெருவில் இருந்த ரீஜென்ட் சவுண்ட் என்ற சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில். டெக்கா போன்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்த குழு, அந்நிறுவனத்தின் சொந்தக் கூடத்தை விட்டுவிட்டு, ஒலி எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டைகளை ஒட்டிவைத்திருந்த ஓர் அறைக்கு ஏன் போனது என்பதற்குக் கணக்கு வழக்கு சார்ந்த காரணம் உண்டு. மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம், பதிவு நாடாக்கள் தம் தரப்பின் உடைமையாக இருக்க வேண்டும், டெக்காவுக்கு அவற்றைக் குத்தகையாக மட்டுமே தர வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்திருந்தார். அப்படியானால் பதிவுச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். செலவைத் தாமே ஏற்றால் மலிவான இடம் வேண்டும். ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் அறியாத பத்தொன்பது, இருபது வயதுத் தயாரிப்பாளரான அவருக்கும் அந்த அறைதான் பொருந்தியது.

அங்கே இருந்தது இரண்டு தடங்கள் மட்டுமே கொண்ட ரெவாக்ஸ் நாடாப் பதிவுக் கருவி. அறை சிறியதாகையால் சார்லி வாட்ஸின் டிரம்ஸ் ஒலி கிட்டார் மைக்கில் கசிந்தது, கிட்டார் குரல் மைக்கில் கசிந்தது. பெரிய கூடத்தில் பொறியாளர்கள் இதைக் குறை என்று சொல்லித் திருத்தியிருப்பார்கள். ஆனால் இவர்கள் நேசித்த செஸ் பதிவுகளிலும் அறையின் ஒலி வாத்தியங்களோடு கலந்தே கேட்கும். வறுமையால் வந்த கசிவு இவர்களை மூலத்துக்கு நெருக்கமாகக் கொண்டுசேர்த்தது என்பதே என் கணிப்பு. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, ஒரே ஒலிபெருக்கியிலிருந்து ஒரு திரளாக வெளிப்பட வேண்டிய இசை இது. இதற்கு, இரு பக்கங்களுக்கும் தனித்தனி ஒலி தரும் உண்மையான ஸ்டீரியோ கலவை வெளிவந்ததே இல்லை. மோனோவை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

பன்னிரண்டு பாடல்கள், முப்பத்து மூன்று நிமிடங்கள். எல்லாமே ப்ளூஸ் அல்ல. மார்வின் கே, ரூஃபஸ் தாமஸ் போன்றோரின் சோல் பாடல்களும், சக் பெரியின் ‘கேரல்’ போன்ற ராக் அண்ட் ரோலும் கலந்திருக்கின்றன. ப்ளூஸ் பாடல்களில் இரண்டு வேறு மனநிலைகள் தெரிகின்றன. வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1954இல் பாடிய ‘ஐ ஜஸ்ட் வான்ட் டு மேக் லவ் டு யூ’ மூலத்தில் நிதானமாக, தன் ஆற்றலில் ஐயமே இல்லாத ஒரு முதிர்ந்த ஆண் பேசுவது போல நகரும். ஸ்டோன்ஸ் அதன் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, பதற்றம் மிக்க இளைஞனின் அவசரமாக மாற்றிவிட்டார்கள். மூலத்தின் கனம் போய்விட்டது என்று ப்ளூஸ் பிரியர்கள் வருந்துவது நியாயமே. ஆனால் அந்த வயதில் மடி வாட்டர்ஸின் நிதானத்தை நடித்துக் காட்டியிருந்தால் அது பொய்யாக ஒலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறானது இரண்டாம் பக்கத்தைத் தொடங்கிவைக்கும் ‘ஐ ஆம் எ கிங் பீ’. லூசியானாவைச் சேர்ந்த ஸ்லிம் ஹார்ப்போ 1957இல் எக்செல்லோ நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த இந்தப் பாடலை, வேகத்தையும் சோம்பலான நடையையும் மாற்றாமல், பயபக்தியோடு பிரதியெடுத்திருக்கிறார்கள். பில் வைமன் தம் பேஸ் கிட்டாரின் தந்தியில் விரலை வழுக்கித் தேனீயின் ரீங்காரத்தை எழுப்புவதும், பிரையன் ஜோன்ஸ் ஸ்லைடு கிட்டாரில் கொட்டுவதும் ஆல்பத்தின் மிகச் சிறந்த தருணங்கள். ஸ்லிம் ஹார்ப்போவே பாடியதைக் கேட்க முடிகிறபோது நாங்கள் பாடியதைக் கேட்பதில் என்ன பயன் என்ற பொருளில் 1968இல் ஜாகரே ஒரு நேர்காணலில் பேசியிருக்கிறார். அடக்கமாகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி எண்ணினாரா தெரியாது. நான் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதுண்டு, இரண்டுமே எனக்கு வேண்டும்.

ஆல்பத்தில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சொந்தமாக எழுதிய ஒரே பாடல் ‘டெல் மீ’. இனிமையான, சற்று அசட்டுத்தனமான காதல் பாடல். ப்ளூஸோடு அதற்கு உறவில்லை. பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பாடல்களை எழுதப்போகும் இணையின் தொடக்கம் என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கலஸ் ரைட் எடுத்த இருண்ட புகைப்படத்தில் ஐவரும் பக்கவாட்டில் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள்; முன்பக்கத்தில் டெக்காவின் சின்னத்தைத் தவிர, குழுவின் பெயரோ ஆல்பத்தின் தலைப்போ இல்லை. பிரிட்டனில் 1964 ஏப்ரல் 16 அன்று வெளியாகி, பீட்டில்ஸின் ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டுப் பன்னிரண்டு வாரங்கள் அங்கேயே நின்ற ஒரு தட்டு, பெயர் போடாத உறையில் விற்றது என்பதில் ஓல்டமின் துணிச்சலும் தந்திரமும் தெரிகின்றன. பன்னிரண்டு அங்குல அளவில் அந்த முகங்களைப் பார்ப்பதும் கைப்பேசித் திரையில் விரல்நக அளவில் பார்ப்பதும் ஒன்றல்ல.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. அமெரிக்காவில் லண்டன் ரெக்கார்ட்ஸ் மே மாத இறுதியில் வெளியிட்ட பதிப்பு, ‘மோனா’ என்ற போ டிட்லி பாடலை நீக்கிவிட்டு, அங்கே தனித்தட்டாக வந்திருந்த ‘நாட் ஃபேட் அவே’யைத் தொடக்கத்தில் வைத்தது. நல்ல பாடல்தான், ஆனாலும் ‘ரூட் 66’ஓடு தொடங்கும் மூல வரிசையையே நான் விரும்புகிறேன். அமெரிக்கப் பதிப்பில் கட்டாயம் தவிர்க்க வேண்டியது, மோனோவிலிருந்து மின்னணு முறையில் ஸ்டீரியோவாக மாற்றியதாக உறையிலேயே குறிப்பிடும் தட்டு. இம்முறையில் ஒரே ஒலியைச் செயற்கையாக இரு பக்கங்களுக்கும் பிரித்துவிடுவதால், அந்த அறையின் திரட்சி கரைந்துபோகிறது.

டெக்காவின் பழைய பிரிட்டன் அச்சுகளைச் சேகரிப்போர் எல்.கே. 4605 என்ற பட்டியல் எண்ணைத் தேடுவார்கள். அவற்றுள்ளும் மிக முந்தைய பிரதிகளில் ‘டெல் மீ’யின் 2 நிமிடம் 52 வினாடி வடிவம் இருக்கும், பின்னர் வந்தவற்றில் அது நான்கு நிமிடங்களைத் தாண்டும். குறுகிய வடிவம் உள்ள பிரதிக்கு விலை ஏறுவது இதனால்தான். கேட்பதற்காக வாங்குபவர் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. புதிய மோனோ மறுஅச்சே போதும்.

உங்கள் கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்தப்பட்ட பகுதி) ஸ்டீரியோ வகையாக இருந்தாலும் மோனோ தட்டு ஓடும். மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே அசைவது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும் கீழுமான அசைவையும் படிப்பதால் தூசியும் கீறலும் கூடுதல் இரைச்சலாகக் கேட்கும். பெருக்கியில் (ஆம்ப்ளிஃபையரில்) மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள், அந்த இரைச்சலில் கணிசமான பகுதி அடங்கிவிடும். பழைய பிரதி வாங்குவதானால், அக்காலத்தின் கனமான முட்கள் தட்டின் உட்பக்கப் பள்ளங்களையே அதிகம் தேய்த்திருக்கும் என்பதால், முதல் பாடலைக் கேட்டு மயங்கிவிடாமல் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘வாக்கிங் த டாக்’கை ஓடவிடச் சொல்லுங்கள். அதில் பிரையன் ஜோன்ஸ் அடிக்கும் சீட்டி கரகரக்காமல் தெளிவாகக் கேட்டால் தட்டு நல்ல நிலையில் இருக்கிறது, விலை பேசத் தொடங்கலாம்.