பழைய மஹிந்திரா ஜீப்: கேட்டதும் சொன்னதும்

ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க வில்லிஸ் ஜீப் வழியில் வந்த மஹிந்திரா வண்டிகளுக்கு, அதாவது சி.ஜே 3பி, சி.ஜே 500டி, எம்.எம் 540, அந்தக் காலத்து கமாண்டர், மேஜர். ஜிப்ஸிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வேறு ரகம்.

கம்பத்திலிருந்து ஒருவர்: அண்ணா, ஒரு 540 விலைக்கு வந்திருக்கிறது. புது பெயிண்ட், பார்க்க பளபளவென்று இருக்கிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

பெயிண்டை மட்டும் பார்க்காதீர்கள் தம்பி. முதலில் ஆர்.சி புக்கை வாங்கி சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் தேடி ஒத்துப் பாருங்கள். இந்த வண்டிகளில் பாதிக்கு இன்ஜின் மாறியிருக்கும். மாறியது தப்பில்லை, மாற்றியது ஆர்.சி-யில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்குத்தான் வினை தெரியும்.

அடுத்து ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். பின் ஸ்பிரிங் சேஸிஸில் மாட்டும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். சொத்தென்று உள்ளே போனாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் இருந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் முக்கியமாக, முன் ஆக்சிலில் பின்பக்கம் இருப்பது போலவே உருண்டையான ஹவுசிங் இருக்கிறதா, அதற்கு ஷாஃப்ட் போகிறதா என்று பாருங்கள். முன் ஷாஃப்டைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு நான்கு சக்கரமும் போடும் லிவரை மட்டும் அழகுக்கு விட்டிருக்கும் வண்டிகள் நிறைய. இருந்தால் மண் தரையில் நான்கு சக்கரத்தையும் போட்டு, லோ கியரில் கொஞ்சம் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். லிவர் துள்ளி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஷாஃப்டுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பிரிக்க வேண்டிய வேலை, அந்தக் காசை விலையில் குறையுங்கள்.

கூடலூரிலிருந்து: 50-ல் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் பயங்கரமாக ஆடுகிறது, வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிறது. ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டால் போய்விடும் என்கிறார் மெக்கானிக்.

டேம்பர் போட்டால் ஆட்டம் மறையும், போகாது. உள்ளே தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும், ஒருநாள் மொத்தமாக வரும். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம், அரைமணி நேர வேலை.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொட என்றால் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ். பிரேக் பிடித்த பிறகும் அப்படியே ஆடினால் கிங் பின் (ஸ்டீயரிங் திருப்பும்போது முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். இந்த வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஏனென்றால் முன் ஆக்சிலின் முனையில், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உருண்டைக்குள் கிரீஸ் காய்ந்துபோனதை யாரும் பார்ப்பதில்லை, சுற்றியிருக்கும் ஃபெல்ட் சீல் கிழிந்து சேறும் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். கிங் பின் மூடிக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், தேவைக்கு ஒன்றிரண்டை எடுத்தால் பேரிங் இறுகும். பேரிங் குழி விழுந்திருந்தால் ஷிம் எடுத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்து சக்கரத்தை இடம் வலமாக ஆட்டினால் டை ராடு எண்டுகள் (முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டுகள்) தேய்ந்திருந்தால் பேசும். பிறகு வண்டியைக் கீழே இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்னதாக இப்படியும் அப்படியும் திருப்ப, நீங்கள் அடியில் பாருங்கள். பழைய சி.ஜே-க்களில் நடுவில் ஒரு பெல் கிராங்க் (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரக் கம்பிகளுக்குக் கொண்டுபோகும் துண்டு) இருக்கும், அதன் புஷ் தேய்ந்திருந்தால் ஸ்டீயரிங் அசையும், சக்கரம் அசையாது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்டீயரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை இறுக்குகிறார்கள், அது மட்டும் வேண்டாம். நேராகப் போகும்போது சரியாக இருக்கும், ஹேர்பின் வளைவில் இறுகிப் பிடிக்கும். கூடலூர் ரோட்டில் அது எங்கே கொண்டு விடும் என்று உங்களுக்கே தெரியும்.

வண்டியை உயர்த்துவதற்காக நீளமான சாக்கிள் (ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால் முன் ஆக்சிலின் சாய்வு மாறியிருக்கும். அந்த நிலையில் எதை மாற்றினாலும் ஆட்டம் திரும்ப வரும்.

ஏற்காட்டிலிருந்து: ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் வண்டி உருண்டுவிட்டது. எப்படி?

பழைய சி.ஜே-க்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும், ஹேண்ட் பிரேக் அதைத்தான் பிடிக்கிறது. அதாவது ஷாஃப்ட் நிற்கும், சக்கரங்கள் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) தன் வேலையைச் செய்யும்: தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் முன்னோக்கி உருளும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைக்காமல் ஜாக்கியைத் தொடவே தொடாதீர்கள். ஆள் அடியில் இல்லாமல் போனது உங்கள் நல்ல நேரம்.

இன்னொன்று, பழைய வில்லிஸ் வகையில் இடப்பக்கச் சக்கர போல்ட்டுகளுக்கு இடது மரை இருக்கும், நட்டுகள் எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் நீளக் குழாய் மாட்டி மிதித்து போல்ட்டை முறித்தவர்கள் ஏராளம்.

பொள்ளாச்சியிலிருந்து: தார் ரோட்டில் நான்கு சக்கரமும் போட்டு ஓட்டினேன், இப்போது லிவர் வெளியே வர மறுக்கிறது.

வராதுதான். முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே இதில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. மண்ணில் அந்த வித்தியாசம் சறுக்கலில் தீர்ந்துவிடும், தாரில் தீராமல் பல்சக்கரங்களுக்குள் முறுக்காக ஏறி நிற்கும். சுத்தியலை எடுக்காதீர்கள். நேராக ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போய், லிவரை மெல்ல இழுத்துப் பாருங்கள், அல்லது ஒரு சக்கரத்தை மண் ஓரத்தில் இறக்குங்கள், டக்கென்று விடும். டயர் நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்கட்டும். முன்னால் புதுசு, பின்னால் வழுக்கை என்றால் நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறும்.

வால்பாறையிலிருந்து: காலையில் 540 ஸ்டார்ட் ஆக உயிரை எடுக்கிறது. ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. டீசல் பம்ப் மாற்ற வேண்டுமா?

பம்ப்பில் கை வைக்க வேண்டாம், அது கடைசி. 540-ல் இருப்பது பியூஜோ வழி வந்த 2112 சிசி இன்ஜின், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றும் பிளக்) இல்லாமல் குளிரில் எடுக்காது. கிராங்க் செய்யும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம், ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி பேட்டரியில் காட்டுங்கள், நுனி சிவக்காததை மாற்றுங்கள் (இடுக்கியால் பிடியுங்கள், சுடும்). புகையே வரவில்லை என்றால் ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது, எங்கோ காற்று இழுக்கிறது. ஃபில்டர் வாஷர், பைப்பின் கிளிப், ஹேண்ட் பம்ப் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கையால் பம்ப் அடித்து இறுக்கினால் எடுத்துவிடும். ஆனால் அது நோயைத் தீர்க்காது, காற்று புகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நாசில் பைப்பில் (பம்ப்பிலிருந்து இன்ஜினுக்கு டீசல் போகும் குழாய்) கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஸ்டார்டிங் ஸ்ப்ரே என்று ஈதர் விற்கிறார்கள், ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அதை அடித்தால் உள்ளேயே வெடிக்கும்.

கியர் பாக்ஸ் ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. எங்கே போகிறது?

பக்கத்து வீட்டுக்கு. கியர் பாக்ஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும் இடத்தில் கசிந்து அங்கே நிரம்பும். அதன் லெவல் பிளக்கைத் திறந்தால் கொட்டும், பாருங்கள். அடுத்து கிளட்ச் வேலைக்கு இறக்கும்போது சரி செய்யுங்கள், அதுவரை இரண்டு லெவலையும் அடிக்கடி பாருங்கள். கியர் பாக்ஸுக்கு ஜி.எல் 4 ரக கியர் ஆயில் கேட்டு வாங்குங்கள். கிரவுனுக்கு, அதாவது டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜி.எல் 5, பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது.

வண்டியை இன்றே நிறுத்துங்கள். பழைய ஜீப்பில் பிரேக் லைன் ஒன்றுதான், ஏதோ ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அங்கேதான். ஒழுகல் இல்லை என்றால் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், அட்ஜஸ்ட் செய்தால் போதும். பிரேக் ஆயில் டப்பாவில் அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றியிருந்தால் ரப்பர் எல்லாம் ஊதிப்போயிருக்கும், மொத்தத்தையும் மாற்றுங்கள். இதில் சிக்கனம் கிடையாது.

போடிமெட்டு ஏறும்போது சூடாகிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார்கள், அப்படியும் குறையவில்லை.

திரும்பப் போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் கீழே ஓடும்போது இன்ஜின் சூடேறாமல் டீசல் தின்னும். மலையில் சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. இன்ஜின் சூடானதும் நிறுத்திவிட்டு, ஃபேனுக்குக் கை போகாமல், ரேடியேட்டரின் முகத்தைத் தடவிப் பாருங்கள், நடுவில் குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. கழற்றி ராடு விட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஃபேன் பெல்ட், மூடியின் ரப்பர் இரண்டும் பத்து நிமிட வேலை, முதலில் அதைப் பாருங்கள்.

ஓடை தாண்டி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

முன் பின் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். ஹவுசிங் மேல் சின்ன பிரீதர் (காற்றுத் துளை) இருக்கும், சேறு அடைத்தால் சூடான ஹவுசிங் தண்ணீரில் குளிர்ந்ததும் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: தரைத் தகடு முழுக்கத் துரு. மேலே தகடு வைத்து ஒட்டிவிடலாமா?

மேலே தகடு வைத்தால் நடுவில் தண்ணீர் நின்று இரண்டும் போகும். துருப்பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்ற வேண்டும். சி.ஜே-யில் டீசல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, வெல்டர் அவசரப்படுத்தினாலும் அதை இறக்கி வெளியே வைத்த பிறகுதான் வெல்டிங் ராடைத் தொடவிடுங்கள்.