ஜெர்மன் வாக்கியத்தில் வினைச்சொல்லின் இடம்: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மனில் 'இன்று புத்தகம் படிக்கிறேன்' என்பதற்கு 'ஹொய்ட லேஸ இஷ் டாஸ் பூக்' என்கிறார்கள். வினை இரண்டாவது இடத்தில் இருக்கிறது. 'வைல்' (ஏனென்றால்) சேர்த்தால் மட்டும் 'வைல் இஷ் ஹொய்ட டாஸ் பூக் லேஸ' என்று வினை ஏன் கடைசிக்குப் போகிறது?

பதில்: கடைசிதான் வினையின் பழைய இடம். தனி வாக்கியத்தில்தான் அது முன்னே நகர்ந்திருக்கிறது. 'வைல்', 'டாஸ்' ('என்று' எனப் பொருள்படும் சொல்) போன்ற இணைப்புச் சொல் வந்தால் முன்னிடம் நிரம்பிவிடும், வினை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். 1983இல் டச்சு மொழியியலாளர் ஹான்ஸ் டென் பெஸ்டன் தந்த விளக்கம் இதுதான். இப்படிப் புரிந்துகொண்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும்.

கேள்வி: பழைய இடம் என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: உண்டு. டென்மார்க்கின் கல்லஹூஸில் 1734இல் கிடைத்த தங்கக் கொம்பில், ஏறத்தாழ கி.பி. 400ஐச் சேர்ந்த ரூன் (பழைய ஜெர்மானிய மொழிகளின் எழுத்து) வரி இருந்தது. 'நான், ஹ்லெவகாஸ்டிஸ் ஹோல்ட்டியஸ், கொம்பைச் செய்தேன்' என்பது அதன் பொருள். சொற்கள் தமிழில் வரும் அதே வரிசைதான், வினை கடைசியில். 1802இல் கொம்பைத் திருடி உருக்கிவிட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. நல்லவேளை, வரியைப் படியெடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் அது மோனை அமைந்த செய்யுள் வரி என்பதால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியின் பைபிளும் பெரிதாக உதவாது, அது பெரும்பாலும் கிரேக்க மூலத்தின் சொல்வரிசையையே பின்பற்றுகிறது.

கேள்வி: ஜெர்மனுக்கு உறவு மொழியான ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை இழந்ததால்தானே எழுவாய்-வினை-செயப்படுபொருள் வரிசைக்கு வந்தது?

பதில்: பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு அது போதவில்லை. ஐஸ்லாந்திய மொழியைப் பாருங்கள்: நான்கு வேற்றுமைகளும் அப்படியே இருக்கின்றன, ஆனாலும் செயப்படுபொருள் வினைக்குப் பின்னால்தான் வருகிறது. டச்சு நேர் எதிர். பெயர்ச்சொல்லில் உருபுகள் ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்துவிட்டன, துணை வாக்கியத்தில் வினை இன்னும் கடைசியில்தான். அப்படியிருக்க, உருபு உதிர்ந்ததை ஒரே காரணமாக எப்படிச் சொல்வது? பழைய ஆங்கிலத்தில் உருபுகள் இருந்த காலத்திலேயே இரண்டு வரிசைகளும் கலந்து வழங்கின. உருபு உதிர்ந்தது அந்தப் போக்குக்கு வேகம் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: இன்றைய ஆங்கிலத்தில் அந்த இரண்டாமிட வினை எங்காவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்ற தொடரில் இருக்கிறது. கேள்வி வாக்கியங்களிலும் பார்க்கலாம்.

கேள்வி: ஜெர்மன் நண்பர் 'வைல் இஷ் ஹாப கைன ட்ஸைட்' (ஏனென்றால் எனக்கு நேரமில்லை) என்று வினையை நடுவில் வைத்துப் பேசுகிறார். தவறில்லையா?

பதில்: பேச்சில் சர்வ சாதாரணம். தேர்வில் மட்டும் எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும்.