காசு இருக்கும் இடத்தை மனம் சொல்லுமா?

கேள்வி: உலோகம் காட்டும் கருவியோடு கடற்கரையில் பழைய காசு தேடுபவர்கள், "இங்கே இருக்குமென்று மனம் சொன்னது" என்கிறார்களே. உள்ளுணர்வா, அதிர்ஷ்டமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பெரும்பாலும் பழக்கம்தான். தென்மேற்குப் பருவக்கடல் மணலை அரித்த பள்ளத்தில் கனமானவை தங்கும். பழகிய கால் தானாக அங்கே போகும். கருவியின் நுனியிலுள்ள வட்டமான தேடுசுருளை மணலுக்கு 2–3 செ.மீ. மேலே, ஒரு வீச்சின் மேல் மறு வீச்சு பாதி படியும்படி ஆட்டுங்கள். ஈர உப்பு மணலில் கருவி சும்மா அலறும், உணர்திறனைக் குறையுங்கள். 90 பாகை திரும்பி வீசியும் ஒலி மாறாவிட்டால் காசாக இருக்கலாம். சோடா மூடியும் இப்படி ஏமாற்றும், அது வேறு கதை! ஒல்லாந்தர் காலச் செப்புக்காசைத் தேய்த்தால் பச்சைப் படிவோடு எழுத்தும் போய்விடும். தொல்பொருள் தேடித் தோண்ட, தொல்பொருள் திணைக்கள அனுமதி முதலில் வேண்டும். 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விளையாட்டல்ல.