கேள்வி பதில்: ‘காலிகுலா’ படத்தில் வரலாறு எவ்வளவு?

கேள்வி: 1979இல் வெளிவந்து பல நாடுகளில் எதிர்ப்பைச் சந்தித்த ‘காலிகுலா’ திரைப்படத்தில் அந்த ரோமப் பேரரசரைப் பற்றிக் காட்டப்படுபவை உண்மையில் நடந்தவையா, பரபரப்புக்காகப் புனையப்பட்டவையா? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும் கலந்திருக்கின்றன, ஆனால் கலந்தவர்கள் படக்குழுவினர் மட்டுமல்லர். காலிகுலா என்பது, தந்தையின் படைமுகாமில் வளர்ந்தபோது வீரர்கள் செல்லமாக வைத்த பெயர். காயஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவர் கி.பி. 37 முதல் 41 வரை, முழுதாக நான்கு ஆண்டுகள்கூட ஆளவில்லை. அவரைப் பற்றி இன்று உலவும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு; அவரோ காயஸ் கொலையுண்டு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து எழுதியவர். இன்னொரு வரலாற்றாசிரியரான காசியஸ் டியோ அதற்கும் ஒரு நூற்றாண்டு பிந்தியவர். இவர்களைவிட நிதானமான வரலாற்றாசிரியர் டாசிடஸின் நூலில் இந்த ஆட்சியைப் பற்றிய பகுதி முழுவதும் அழிந்துபோனது நமது துரதிர்ஷ்டம்.

தங்கை துருசில்லாவுடன் காயஸுக்குத் தகாத உறவு இருந்ததாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். படம் அதையே கதையின் அச்சாணியாக்கிக்கொண்டது. ஆனால் காயஸின் காலத்திலேயே வாழ்ந்து, அவர்மீது கடுமையான வெறுப்பும் கொண்டிருந்த தத்துவ அறிஞர்கள் செனகாவும் ஃபைலோவும் இதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவைக்கும் இயல்புடையவர்கள் அல்லர் அவர்கள் என்பதால், அந்த மௌனத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

முழுக்கப் புனையப்பட்டவையும் உண்டு. மண்ணில் கழுத்துவரை புதைக்கப்பட்டவர்களின் தலைகளைச் சீவிக்கொண்டு நகரும் அந்தப் பிரம்மாண்டமான எந்திரத்துக்கு எந்தப் பழைய நூலிலும் ஆதாரமில்லை. படத்தில் அதற்குப் பலியாகும் காவற்படைத் தலைவர் மாக்ரோ, வரலாற்றில் 38ஆம் ஆண்டு தற்கொலை செய்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டவர். ஜான் கில்குட் நடித்த நெர்வா (பேரரசர் திபேரியஸின் நண்பர்) குளியல் தொட்டியில் நரம்பை அறுத்துக்கொள்கிறார். உண்மையான நெர்வா உண்ணாமல் உயிர்விட்டவர். பீட்டர் ஓ’டூல் நடித்த முதிய பேரரசர் திபேரியஸ் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்: கொங்கு வட்டாரத்துப் புதையல்களில் அகஸ்டஸின் காசுகளோடு மிகுதியாகக் கிடைப்பவை அவர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளே.

கேள்வி: காலிகுலா தம் குதிரையை ஆட்சித்தலைவர் ஆக்கினாராமே? (வாசகி, மதுரை)

பதில்: ஆக்கவில்லை. இன்சிடாடஸ் என்ற அந்தக் குதிரைக்குப் பளிங்குக் கொட்டிலும் தந்தத் தொட்டியும் இருந்தனவென்று கூறும் சூட்டோனியஸ், அதைக் கான்சல் என்ற உயர்ந்த ஆட்சிப் பதவியில் அமர்த்தக் காலிகுலா எண்ணியதாகப் ‘பேச்சு’ என்றுதான் முடிக்கிறார். செனட் உறுப்பினர்களை மட்டம்தட்டச் சொன்ன கேலி அது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: எழுதியவரும் இயக்கியவரும் இந்தப் படத்தைக் கைவிட்டது ஏன்? (வாசகர், கோவை)

பதில்: பணம் போட்ட பாப் குச்சியோனே ‘பென்ட்ஹவுஸ்’ என்ற பாலியல் இதழின் அதிபர். கட்டற்ற அதிகாரம் ஒரு சாதாரண இளைஞனை எப்படிக் கெடுக்கிறது என்பதை எழுத முனைந்தவர் நாவலாசிரியர் கோர் விடால். இயக்குநர் டின்டோ பிராஸோ, பிறவியிலேயே கொடியவன் ஒருவனைக் காட்ட விரும்பித் திரைக்கதையை மாற்றினார். 1976இல் ரோமில் படப்பிடிப்பு முடிந்த பிறகு, படத்தொகுப்பிலிருந்து பிராஸை விலக்கிவிட்டு, தம் இதழின் மாடல்களைக் கொண்டு வெளிப்படையான உடலுறவுக் காட்சிகளைக் குச்சியோனே தனியே எடுத்துச் செருகினார். காலிகுலாவாக நடித்த மால்கம் மெக்டவல், ஹெலன் மிரன் போன்ற தேர்ந்த நடிகர்கள் தாங்கள் அறியாத காட்சிகளோடு ஒட்டவைக்கப்பட்டது இப்படித்தான். விடால் தம் பெயரை விலக்கிக்கொள்ளப் போராடியதால் ‘விடாலின் திரைக்கதையைத் தழுவியது’ என்றும், பிராஸுக்கு ‘முதன்மைப் படப்பிடிப்பு’ என்றும் மட்டுமே படத்தில் இடம் கிடைத்தது. இயக்குநர் என்று ஒருவரின் பெயரும் இல்லாத படம் ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் டாலர் செலவில் உருவானது. இத்தாலியில் அது பறிமுதல் செய்யப்பட்டது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பாதியிலேயே எழுந்து போனார்.

கேள்வி: ஆபாசத்தை நீக்கினால் இது நல்ல வரலாற்றுப் படமாகிவிடுமா? (வாசகர், சென்னை)

பதில்: ஆகாது என்றே எண்ணுகிறேன். அலெக்சாந்திரியா யூதர்களின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்ற ஃபைலோ, காயஸை நேரில் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். தூதர்கள் பின்னால் ஓட, பேரரசர் மாளிகையின் அறை அறையாகப் புகுந்து பழுதுபார்ப்புக்கு ஆணையிடுகிறார், இடையில் திரும்பி, நீங்கள் ஏன் பன்றி இறைச்சி உண்பதில்லை என்று கேட்கிறார், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். எருசலேம் கோயிலில் தம் சிலையை நிறுவ ஆணையிட்டிருந்தவர் முன்னால், ஒரு சமூகத்தின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த சந்திப்பு அது. விடால் எழுத விரும்பிய அதிகார போதைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. படத்தில் அது இல்லை. பழைய படச்சுருள்களிலிருந்து புதிதாகத் தொகுக்கப்பட்டு 2023இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ஏறக்குறைய மூன்று மணி நேரப் பதிப்பில் குச்சியோனே செருகிய காட்சிகள் இல்லை. மெக்டவலின் நடிப்பை ஓரளவு முழுமையாகக் காண விரும்பும் வயதுவந்தோர் அதைப் பார்க்கலாம். தலை சீவும் எந்திரம் அதிலும் இருக்கிறது.